உப்பு நின்றுபோகும் இடம்

வியர்வை உதட்டில் பட்டால் கரிக்கும். ஆனால் சுரப்பியின் அடியில் ஊறும்போது அது இதைவிடப் பல மடங்கு உப்பு, கிட்டத்தட்ட ரத்தத்தில் இருக்கும் அளவுக்கு. மெல்லிய குழாய் வழியாக மேலே ஏறி வரும்போதே குழாய்ச் சுவரிலுள்ள செல்கள் உப்பின் இரு பாதிகளான சோடியத்தையும் குளோரைடையும் திரும்ப இழுத்துக்கொள்கின்றன, தண்ணீர்தான் பெரும்பாலும் தோலுக்கு வருகிறது. உடம்பு அவ்வளவு கருமி!

நுரையீரலைக் கெடுக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் உள்ளவர்களுக்கு இந்த இழுப்பு நடப்பதில்லை. குளோரைடு போவதற்கான புரதக் கதவு, சிஎஃப்டிஆர் என்பார்கள், சரியாக இல்லை. குளோரைடு நின்றுவிட்டால் சோடியமும் கூடவே நின்றுவிடும். அதனால்தான் வியர்வையில் லிட்டருக்கு 60 மில்லிமோலுக்கு மேல் குளோரைடு இருந்தால் மருத்துவர்கள் இந்த நோயை நினைக்கிறார்கள். குழந்தையை முத்தமிட்ட அம்மாவுக்கு வாய் கரித்ததுகூட ஒரு தடயம்தான்.

எனக்குப் பிடிபடாமலே இருந்தது நுரையீரல் கதை. வியர்வைக் குழாயில் அந்தக் கதவு குளோரைடை உள்ளே வாங்குகிறது, மூச்சுக்குழாயில் அதே கதவு வெளியே விடுகிறது, பின்னாலேயே தண்ணீர் போய்ச் சளியை இளக்குகிறது. கதவு கெட்டால் தோலில் உப்பு மிஞ்சும், நெஞ்சில் ஈரம் வற்றிச் சளி பிசினாகிக் கிருமிகளுக்கு வீடாகும். இரண்டும் ஒரே கோளாறு என்று புரிய எனக்கு இரண்டு நாள் ஆனது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

இந்த நோயாளிகளின் வியர்வைக் குழாய்ச் சுவருக்குள் குளோரைடு நுழைவதே இல்லை என்று 1983-இல் காட்டியவர் பால் க்விண்டன் என்ற ஆய்வாளர். அவருக்கே இந்த நோய் உண்டு. அந்தக் கதவுக்கான மரபணு 1989-இல்தான் கிடைத்தது. 1,480 அமினோ அமிலங்கள் கொண்ட புரதத்தில் 508-ஆவது இடத்தில் ஒன்றே ஒன்று காணோம், அதுதான் அதிகம் காணப்படும் பிழை. அந்த ஒன்று இல்லாததால் புரதம் சரியாக மடங்குவதில்லை, செல்லோ ‘இது உருப்படாது’ என்று வாசலுக்கு வருவதற்குள்ளேயே உடைத்துப் போட்டுவிடுகிறது. 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கூட்டு மாத்திரையில் மூன்று மருந்துகள்: இரண்டு அந்தப் புரதத்தை மடித்து வாசல்வரை கொண்டுவர, ஒன்று திறந்து வைக்க. இந்த வேலைப் பங்கீடு எனக்கு ரொம்பப் பிடித்தது.

அப்புறம் தசையிலும் ஒரு குளோரைடு கதவு இருக்கிறது, இது வேறு மரபணு. நரம்பின் உத்தரவு முடிந்ததும் தசையை அமைதிப்படுத்துவது அதன் வேலை. அது கெட்டால் இறுகப் பிடித்த கை சட்டென்று விடாது, உத்தரவு இல்லாமலே தசை தானாகத் துடித்துக்கொண்டிருக்கும். மயோடோனியா கன்ஜெனிட்டா என்று பெயர். உட்கார்ந்திருந்தவர் எழுந்து படியேறினால் முதல் சில படிகள் மரக்கட்டை மாதிரி, ஏற ஏறக் கால் இளகிவிடும். பார்ப்பவர்கள் நடிப்பு என்று நினைக்காமல் என்ன செய்வார்கள்? யூலியஸ் தாம்சன் என்ற மருத்துவர் 1876-இல் இந்த நோயை விவரித்து எழுதினார். அவர் எழுதியது தன் உடம்பையும் தன் குடும்பத்தையும் பற்றி.