தாத்தாவும் அமீனாவும்

"ஆமை பூந்த வூடும் அமீனா பூந்த வூடும் உருப்படாதுன்னுவாங்க. நீ இன்னாத்துக்குடா இத்தப் போய் துட்டு குட்த்து வாங்கினு வந்துகீற?"

2019இல் பஜார் பக்கம் ஒரு மீன் கடையிலிருந்து இரண்டு ஆமைக்குஞ்சுகளை பிளாஸ்டிக் கவரில் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றபோது அம்மா கொடுத்த வரவேற்பு இது. மகளுக்கு அப்போது எட்டு வயது. அமீனா என்றால் யாரு என்று கேட்டாள். கடன் கட்டாதவன் வீட்டுக்கு கோர்ட்டிலிருந்து வந்து சாமானை ஜப்தி பண்ணுகிறவர் என்றேன். கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தாள். ஒரு குஞ்சு இன்னொன்றின் வாயிலிருந்த தீனியை இழுத்துக்கொண்டிருந்தது. "அப்ப இதான் அமீனா" என்றாள். பறிகொடுத்தது கல்லின் மேல் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டது. அது தாத்தா ஆகிவிட்டது.

இரண்டும் ரெட் இயர்டு ஸ்லைடர். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருக்கும். சொந்த ஊர் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கம். குடியாத்தத்தில் எங்கள் பாட்டி வீட்டுக் கிணற்றில் ஒரு கருப்பு ஆமை இருந்தது. பூச்சி புழுவைத் தின்னும், தண்ணீர் சுத்தமாக இருக்கும் என்று யாரோ விட்டது. இன்றைக்கு நம்மூர் ஆமையையோ நட்சத்திர ஆமையையோ பிடித்து வீட்டில் வைத்தால் 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டப்படி கேஸ். அதனால் மீன் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் இந்த வெளிநாட்டுச் சரக்குதான்.

"இதுக்கு மேல வளராதுண்ணா, சின்ன கிண்ணம் போதும்" என்றார் கடைக்காரர். இன்று அமீனாவின் ஓடு 22 சென்டிமீட்டர். இதற்கு மேல் அதைப் பற்றிப் பேசினால் எனக்கு பிபி ஏறும்.

முதல் வருடம் முழுக்க வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் தாத்தாவைத்தான் கொஞ்சினார்கள். கையில் எடுத்தால் எடுத்தபடி இருக்கும். கடிக்காது, ஓடாது. "எவ்ளோ சமத்து பாரு." அமீனா நேரெதிர். தீனி டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டாலே தண்ணீரைக் கலக்கிக்கொண்டு வந்து கண்ணாடியில் மோதும். ஒருநாள் கையால் ஊட்டப் போய் ஆள்காட்டி விரல் நுனியைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆமைக்குப் பல் கிடையாது, கிளி மூக்கு மாதிரி விளிம்புதான். அதுவே போதும், ரத்தம் வந்துவிட்டது.

2020 லாக்டவுனில் ராணிப்பேட்டை கம்பெனி மூடியது. நான் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்ஷன். வேலை இல்லாமல் சத்துவாச்சாரி வீட்டிலேயே கிடந்தபோதுதான் அந்தத் தொட்டியை ஒரு முழு நாள் உட்கார்ந்து பார்த்தேன். தாத்தா சாப்பிடவே இல்லை. போட்டதெல்லாம் அமீனா வாயில். தாத்தா கண்ணைத் திறக்காமல் கல்லிலேயே கிடந்தது. தூங்குகிறது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தோம். கிட்டத்தில் பார்த்தால் இமை இரண்டும் ஊறவைத்த பருப்பு மாதிரி உப்பி மூடியிருந்தது.

கையில் எடுத்து ஓட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினேன். இருபது வருடமாகத் தோல் பார்க்கிற விரல் இது. மாட்டுத் தோலில் முதுகுப் பக்கம் கெட்டியாக நிற்கும், வயிற்றுப் பக்கம் அழுத்தினால் உள்ளே போய் மெதுவாகத் திரும்பி வரும். வயிற்றுப் பக்கத்தில் ஷூவின் முன்பக்கத் துண்டை வெட்ட மாட்டோம். தாத்தாவின் ஓடு அந்த வயிற்றுப் பக்கம் மாதிரி அமுங்கியது. அமீனாவை எடுத்து அழுத்தினேன். கல்லு. கூடவே சீறியது.

சாது என்று நாங்கள் கொஞ்சிக்கொண்டிருந்தது ஒரு நோயாளியை. திமிர் பிடித்தது என்று திட்டிக்கொண்டிருந்தது ஆரோக்கியமாக இருந்த ஒரே ஆமையை.

மாட்டு டாக்டர்தான் பார்த்தார். "ஆமைக்கு நான் ஸ்பெஷலிஸ்ட் இல்ல" என்று முதலிலேயே சொன்ன நல்ல மனிதர். கண்ணுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார். கண் வீக்கம் வைட்டமின் ஏ குறைவால், ஓடு மெத்தென்று இருப்பது கால்சியமும் வெயிலும் போதாததால் என்றார். வெயில் படுகிறதே சார், ஜன்னல் ஓரமாகத்தானே வைத்திருக்கிறோம் என்றேன். ஜன்னலுக்குக் கண்ணாடி உண்டா என்று கேட்டார். ஓட்டுக்கு வேண்டிய புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடுமாம். வேலூர் வெயிலில் இருந்துகொண்டு வெயில் பத்தாமல் நோய் வாங்கியது எங்கள் ஆமையாகத்தான் இருக்கும்.

இரண்டையும் பிரித்தேன். மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற சிமென்ட் தொட்டி இரண்டு வாங்கி மொட்டை மாடியில் போட்டேன். புதுத் தொட்டியில் சுண்ணாம்பு இறங்கும் என்று வாழைத்தண்டை வெட்டிப் போட்டு இரண்டு வாரம் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கொட்டினேன். காலை ஏழரை வரை நேர் வெயில், பிறகு பாதித் தொட்டிக்குச் சாக்கு நிழல். அக்னி நட்சத்திரத்தில் முழுத் தொட்டிக்கும் நிழல், இல்லாவிட்டால் தண்ணீர் வெந்நீர் ஆகிவிடும். கலர் குச்சித் தீனியைக் குறைத்து முருங்கைக்கீரை, துருவிய கேரட், வாரம் இரண்டு தடவை சின்ன மீன். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை கேளுங்கள், கணவாய் ஓடுதான் அது, ஒரு துண்டை மிதக்கவிட்டால் கடித்துக்கொண்டே இருக்கும். தீனியைத் தண்ணீரில்தான் போட வேண்டும். இந்த ஜாதிக்கு நாக்கு புரளாது, தரையில் வைத்தால் விழுங்க முடியாமல் திணறும். தொட்டிப் பக்கம் போய்வந்தால் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும், சால்மோனெல்லா கிருமி இதுகளிடம் உண்டு. அழுக்குத் தண்ணீர் கருவேப்பிலைக்குப் போகிறது. தெருவிலேயே செழிப்பான கருவேப்பிலை எங்களுடையதுதான்.

பத்து நாளில் கண் திறந்தது. ஓடு இறுக ஆறு மாதம் ஆனது.

அப்புறம்தான் தாத்தாவின் நிஜ குணம் தெரிந்தது. மேலிருந்து கை வந்தால் ஆகாது, உஸ்ஸென்று காற்று விட்டுத் தலையை இழுத்துக்கொள்ளும். பக்கவாட்டில் மெதுவாகக் கொண்டுபோனால் பரவாயில்லை. ஆள் முன்னால் சாப்பிடாது. போட்டுவிட்டு மாடிப்படி இறங்கிய பிறகுதான் சாப்பிடும். இதெல்லாம் போகட்டும், அது ஒரு சுவரேறி. செங்கல் மேல் நின்று தொட்டி விளிம்பில் நகத்தை மாட்டி வெளியே குதித்துவிடும். இரண்டு தடவை தண்ணீர் டேங்க் அடியிலிருந்து இழுத்தேன். முன்னங்கால் நகம் நீண்டு, வாலும் பெருத்த பிறகு ஆண் என்று உறுதியானது. ஒருநாள் ஆசைக்கு அமீனா தொட்டியில் விட்டுப் பார்த்தேன். அவள் முகத்துக்கு நேராகப் போய் இரண்டு கையையும் நீட்டி நகத்தைப் படபடவென்று ஆட்டியது. அதுதான் அவர்கள் ஜாதியில் பெண் கேட்கிற முறை. அமீனா ஒரு நிமிடம் பார்த்தாள். கையைக் கவ்விவிட்டாள். அதோடு சரி, தனித்தனித் தொட்டிதான்.

பக்கத்து வீட்டு அண்ணன், "கோட்டை அகழில விட்டுடுபா, ரெண்டும் சொதந்திரமா இருக்கும்" என்கிறார். விட மாட்டேன். உலகத்தின் மிக மோசமான 100 ஊடுருவும் உயிரினப் பட்டியலில் இந்த ஜாதி இருக்கிறது. நம்மூர் ஆமையின் தீனியையும் வெயில் காயும் கல்லையும் பிடுங்கிக்கொள்ளும். பெயர் வைத்தவள் தெரிந்தா வைத்தாள்? முப்பது வருடம்கூட இருக்குமாம். எனக்கு இப்போது நாற்பத்தெட்டு.

இப்போதெல்லாம் காலையில் கீரை கொண்டுபோவது அம்மா. நேற்று கம்பெனியில் இருக்கும்போது போன் வந்தது. "டேய், தாத்தாவைக் காணோம்டா." பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்த பையன் கத்தியை வைத்துவிட்டுப் பதறி எழுந்தான். "டேங்க் அடியில பாரும்மா" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.