நெல் காயவிடும் தளமும் 900 கிராம் இழையும்

சிறுபோக அறுவடைக்கு முன் நெல் காயவிட ஒரு கொங்கிறீட் தளம் போட்டுவிட வேண்டும் என்பது எங்கள் கமக்காரர் அமைப்பின் நெடுநாள் ஆசை. இரணைமடுத் தண்ணியில் விளைந்த நெல்லை வீதியோரம் பரப்பிவிட்டு, வாகனத்துக்கும் மாட்டுக்கும் காவல் இருக்கிற பாடு வன்னியில் எல்லோருக்கும் தெரியும். ஒருவழியாகப் பணம் ஒதுக்கப்பட்டது. மதிப்பீட்டில் 125 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ளே பி.ஆர்.சி. எனப்படும் பற்றவைத்த உருக்குக் கம்பிவலையும் இருந்தன. அந்த நேரம் பார்த்து ஒரு விற்பனையாளர் விலைமனுவோடு வந்தார். கம்பிவலையே தேவையில்லை, கன மீற்றருக்கு 900 கிராம் பொலிபுறொப்பிலீன் என்ற பிளாஸ்ரிக் இழை போட்டால் காணும், செலவும் குறையும் என்றார். அவர் தந்த கையேட்டில் ‘ஏ.எஸ்.ரி.எம். சி1116 தரத்துக்கு அமைவானது’ என்று, அதாவது அமெரிக்கத் தரம் ஒன்றுக்கு ஏற்றது என்று, பெரிதாகப் போட்டிருந்தது.

காசு மிஞ்சினால் சுற்றுமதிலையும் கட்டலாம் என்று அமைப்பில் பலருக்கு அதில் விருப்பம். செயலாளர் என்ற வகையில் தொழினுட்ப உத்தியோகத்தரிடம் சம்மதம் வாங்கும் வேலை என் தலையில் விழுந்தது. அவர் கையேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, கடையில சொன்னது எனக்குக் காணாது. எந்தச் சோதனையில, எவ்வளவு இழை போட்டு, என்ன வந்தது எண்டு கடதாசியில காட்டுங்கோ. அது சரியெண்டால் வலையை எடுக்கலாம்.”

அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தியின் உதவியோடு வாசிக்கத் தொடங்கினேன். சி1116 இழைக் கொங்கிறீட்டை அதில் சேர்க்கும் பொருளைக் கொண்டு வகுக்கிறது: உருக்கு, கண்ணாடி, செயற்கை இழை, தாவர இழை. பொலிபுறொப்பிலீன் மூன்றாம் வகை. ஒரு இழை அந்த வகைக்குள் வருகிறது என்பதற்காக அது கம்பிவலையின் வேலையைச் செய்யும் என்று ஆகாது.

எங்களுக்குக் கண் திறந்த இடம் ஐரோப்பியத் தரமான ஈ.என். 14889-2. பொலிமர் இழையை அது விட்டத்தால் பிரிக்கிறது. 0.3 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் நுண்ணிழை, கூடினால் பேரிழை. வெடித்த பிறகும் கொங்கிறீட் சுமை தாங்க வேண்டிய இடத்தில் பொதுவாகப் பயன்படுவது பேரிழைதான் என்றும் சொல்கிறது. எங்களுக்குக் காட்டிய மாதிரி இழையோ தலைமயிர் அளவு. 900 கிராம் என்பது கொங்கிறீட்டின் கனவளவில் வெறும் 0.1 சதவீதம்.

பிறகு விற்பனையாளரிடம் சோதனை அறிக்கை கேட்டோம். இழுத்தடித்து அனுப்பியது ஈ.என். 14651 அறிக்கை. அந்தச் சோதனை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. 150 மில்லிமீற்றர் சதுர வெட்டுமுகமும் 550 நீளமும் கொண்ட கொங்கிறீட் உத்தரம். அதன் அடியில் 25 மில்லிமீற்றர் ஆழத்துக்கு வாளால் ஒரு வெட்டு. 500 மில்லிமீற்றர் இடைவெளியில் இரு தாங்கிகளில் வைத்து நடுவில் அழுத்துவார்கள். வெட்டின் வாய் 0.5, 1.5, 2.5, 3.5 மில்லிமீற்றர் திறக்கும்போது உத்தரம் இன்னும் எவ்வளவு சுமக்கிறது என்று குறிப்பார்கள். எப்போது வெடிக்கும் என்பதை விட, வெடித்த பிறகு கைவிடுமா என்பதைத்தான் அது கேட்கிறது. தளத்துக்குள் கம்பிவலை இருப்பதும் அதற்காகவே.

அந்த அறிக்கையில் எண்கள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் இழையின் விட்டமும் அளவும் எழுதியிருந்த வரியை அந்தப் பிள்ளைதான் விரல் வைத்துக் காட்டினாள். சோதித்தது பேரிழை, கன மீற்றருக்கு 5 கிலோ. எங்களுக்கு விற்கப் பார்த்ததோ 900 கிராம் நுண்ணிழை. இதை அறியாமை என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. கமக்காரர் காசு அது.

பேரிழைக்கே விலை கேட்டோம். வலையை விட மலிவாக வரவில்லை. உருக்கு இழையை நானே வேண்டாம் என்றேன். வெறுங்காலால் நெல் கிளறும் தளத்தில் கம்பி முனை மேலே தெரியக் கூடாது.

அதற்காக நுண்ணிழையை வீண் என்று சொல்ல மாட்டேன். அதன் வேலை முதல் சில மணி நேரத்தில். ஆடி, ஆவணியில் சோளகம் வீசும்போது பச்சைக் கொங்கிறீட்டின் மேல்தோல் காய்ந்து வெடிக்கிறதே, அதைக் குறைக்கும். இதற்கென்றே ஏ.எஸ்.ரி.எம். சி1579 சோதனை இருக்கிறது. 36 பாகை வெப்பம், விசிறிக் காற்று, சதுர மீற்றருக்கு மணிக்கு குறைந்தது 1 கிலோ நீர் ஆவியாகும் நிலை. ஆவணி மாத வன்னி வெளியை ஒரு அறைக்குள் கொண்டுவந்து வைத்தது போல. இழை போட்ட கொங்கிறீட் பலகையிலும் போடாத பலகையிலும் வெடிப்பின் அகலத்தை ஒப்பிடுவார்கள்.

ஆகவே வலையை அப்படியே வைத்து, நுண்ணிழையையும் சேர்த்துத் திருத்திய மதிப்பீட்டைக் கொடுத்தோம். உத்தியோகத்தர் மூன்று நிபந்தனை எழுதிக் கையெழுத்திட்டார்: வலை அடியில் வைக்கும் தாங்குகட்டையில், தடிப்பின் மேற்பாதியில் நிற்க வேண்டும், வெடிப்பு அந்தக் கோட்டிலேயே விழும்படி 3 மீற்றருக்கு ஒரு வெட்டு மூட்டு, ஈரச்சாக்கு போட்டு 7 நாள் தண்ணி விட வேண்டும். இழை போட்டதால் மூட்டுகளைத் தள்ளி வைக்க அவர் விடவில்லை. அது சரிதான்.

இழைப் பை கன மீற்றர் கணக்கில் வருகிறது, எங்கள் மிக்சரோ ஒரு சீமெந்துப் பைக் கலவை. 1:2:4 கலவையில் கன மீற்றருக்கு ஏறத்தாழ 320 கிலோ சீமெந்து, அதாவது ஆறரைப் பைக்குச் சற்றுக் குறைவு. அப்படியென்றால் ஒரு கலவைக்கு 140 கிராம். முதல் நாள் இரவே கடைத் தராசில் நிறுத்துச் சின்னச் சின்னப் பைகளில் கட்டிவைத்தோம். சல்லியும் கொஞ்சத் தண்ணியும் சுழலும்போது உதிர்த்துத் தூவினால் கட்டி பிடிக்காது. இழை விழுந்ததும் கலவை இறுகினது போலத் தெரியும், மேசன் அண்ணை உடனே வாளியைத் தூக்குவார். “அண்ணை, தண்ணி வேண்டாம், இந்த மருந்தைத்தான் கூட்டுவம்” என்று, தண்ணி கூட்டாமலே கலவையை இளக வைக்கும் இளக்கியைக் காட்டி மறிக்க வேண்டியிருந்தது. தண்ணி கூடினால் இழையால் வருகிற நன்மை குறைந்துவிடும்.

காற்று எழ முன்னம் விடியற்காலையிலேயே ஊற்றத் தொடங்கினோம். மட்டப்பலகை இழுத்த இடத்தில் மெல்லிய மயிர் போல இழை நீட்டிக்கொண்டு நின்றது, சிலர் பயந்தார்கள். நெல்லில் கலக்காதபடி, தளம் நன்றாக இறுகிய பிறகு தும்புத்தடியால் இரண்டு தரம் தேய்த்துக் கழுவினோம். வெட்டு மூட்டுக்கு வெளியே வெடிப்பு விழவில்லை.

பக்கத்துக் கமக்காரர் அமைப்பும் இப்போது தளம் போடப் போகிறது. அவர்களுக்கான விலைக்கோரல் கடிதத்தை நாங்கள்தான் எழுதிக் கொடுத்தோம். இழை தருபவர் விட்டத்தையும், கன மீற்றருக்கான அளவையும், அதே இழையை அதே அளவில் போட்டுச் செய்த ஈ.என். 14651 அறிக்கையையும் விலையோடு சேர்த்தே தர வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது.