தோல்வாரில் தொலைந்த ஆறு வாரம்

நேற்று காலை நாற்பத்து மூன்றாவது சவரம். இரண்டு கன்னம், தாடை, கழுத்து என எல்லாமே பழைய சலூன்களில் இருந்த மாதிரி, பிளேடு மாற்றாமல் தீட்டித் தீட்டிப் பயன்படுத்தும் சவரக் கத்தியாலேயே முடிந்தது. வழக்கம்போலப் பாதியில் கைவிட்டு, பிளேடு ரேசரைத் தேடி ஓடவில்லை. படிகாரம் தேய்த்தபோது தாடை எலும்பின் முனையில் ஓரிடத்தில் மட்டும் சுரீர் என்றது. அதை நான் கணக்கில் சேர்க்கப் போவதில்லை.

இதற்கு முன் ஆறு வாரம் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். கத்தி மழிக்கவில்லை, பிடுங்கியது. முதலில் கோணத்தின் மேல் பழி போட்டேன். முப்பது டிகிரி என்று எல்லோரும் சொல்கிறார்களே என்று, அட்டையில் கோணம் வெட்டிக் கன்னத்தில் வைத்தெல்லாம் பார்த்தேன். வீட்டில் யாரும் பார்க்காதது என் நல்ல நேரம். அடுத்து இடது கையைத் திட்டினேன். அதற்கடுத்து சோப்பு. பிறகு தண்ணீர். இதில் தண்ணீரின் மேல் போட்ட பழி மட்டும் நியாயமானது. எங்கள் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் எந்த சோப்பைப் போட்டாலும் நுரை இரண்டு நிமிடத்தில் செத்துவிடும். குடிக்க வாங்கும் கேன் தண்ணீரில் அரை டம்ளர் எடுத்துக் குழைத்ததும் நுரை தயிர் மாதிரி நின்றது. ஆனாலும் கத்தி பிடுங்குவதை நிறுத்தவில்லை.

கடைசியில் பழி கத்தி மேலேயே விழுந்தது. வெளியூரில் சாணை பிடித்துத் தரும் ஒருவருக்கு அனுப்பினேன். திரும்பி வந்ததும் செய்த முதல் சவரம் வெண்ணெய். மறுநாள் சுமார். மூன்றாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி. ஏமாற்றிவிட்டார் என்று அவரையும் மனதுக்குள் திட்டினேன். அவர் தீட்டி அனுப்பிய கத்தியை முதல் நாள் அப்படியே எடுத்து மழித்தேன், இரண்டாம் நாளிலிருந்துதான் நான் தோல்வாரில், அதாவது கத்தி தீட்டும் தோல்பட்டையில், தீட்டினேன் என்பது உறைக்க எனக்கு இன்னும் நான்கு நாள் ஆனது. அதாவது, தினமும் காலையில் ஐம்பது இழுப்பு இழுத்துக் கத்தியை மொட்டையாக்கிக் கொண்டிருந்தவன் நானே.

எங்கள் தெரு சலூனில் ஒரு பெரியவர் இருக்கிறார். அங்கே இப்போது எல்லாம் அரை பிளேடு செருகுகிற கத்திதான். எய்ட்ஸ் பயம் வந்த காலத்தில் பழைய கத்தியைப் பெட்டியில் வைத்தவர், பிறகு வெளியே எடுக்கவே இல்லையாம். ஆனால் நாற்காலிக்குப் பக்கத்தில் தோல் மாட்டுகிற கொக்கி மட்டும் இன்னும் இருக்கிறது. என் தோல்வாரையும் கத்தியையும் கொண்டுபோய்க் கொடுத்து, அவர் கண் முன்னால் தீட்டிக் காட்டினேன். நாலு இழுப்புகூட ஆகவில்லை, கையைப் பிடித்துவிட்டார். "தம்பி, முதுகு தோல விட்டு எந்திரிக்கவே கூடாது."

முதுகு என்றால் கத்தியின் தடித்த பக்கம், வாய் என்றால் மழிக்கும் விளிம்பு. விஷயம் இவ்வளவுதான். ஒரு முனைக்கு வந்ததும் நான் கத்தியை லேசாகத் தூக்கி, மணிக்கட்டைத் திருப்பி, மறுபக்கமாக வைத்துக் கொண்டிருந்தேன். தூக்கி வைக்கிறபோது முதுகுக்கு முன்னால் வாய் போய்த் தோலில் உட்கார்ந்துவிடுகிறது. அரை மைக்ரான் கனம்கூட இல்லாத விளிம்பு அது, ஒரே தட்டில் மடங்கிவிடும். அவர் செய்தது வேறு. முனையில் ஒரு கணம் நிறுத்தினார். முதுகு தோலிலேயே கிடக்க, பிடியை ஒட்டிய கழுத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பென்சிலை உருட்டுவதுபோல உருட்டினார். வாய் மேல்பக்கமாகச் சுற்றி வந்து மறுபக்கம் படுத்தது. மணிக்கட்டு அசையவே இல்லை.

சொல்ல எளிது. என் விரல்களுக்கு இது வர எட்டு நாள் ஆனது. அவர் சொன்னபடி, பழத்துக்கு வைத்திருந்த ஒரு மொட்டைக் கத்தியை வைத்துக்கொண்டு, கதவுக் கைப்பிடியில் தோலை மாட்டி, தினமும் இருநூறு முறை பழகினேன். வேகம் போனால் மணிக்கட்டு தானாகப் புகுந்துவிடுகிறது. சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். சரியாக உருண்டால் சர்... சர்... என்று ஒரே மாதிரி கேட்கும், தவறினால் நடுவே ஒரு 'டப்' வரும். தோலைத் தொய்வாகப் பிடித்திருந்தது இன்னொரு தப்பு. தொய்ந்த தோல் விளிம்பைச் சுற்றி வளைந்து வாயை உருட்டிவிடும். இப்போது கொடிக் கயிறு மாதிரி விறைப்பாகப் பிடிக்கிறேன், அழுத்தமோ கத்தியின் எடை மட்டும்.

பழகும் அவசரத்தில் ஒரு நாள் நல்ல கத்தியையே எடுத்து, திரும்பும் இடத்தில் தோலில் அரை அங்குலத்துக்கு ஒரு வெட்டு. தீட்டின மரத்திலேயே கூர் பார்த்தவன் என்று இனி யாரையும் கேலி செய்ய மாட்டேன். உப்புத்தாள் போட்டு விளிம்பைத் தேய்த்திருக்கிறேன், ஆனாலும் கத்தி அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் கைக்குத் தெரிகிறது.

மடங்கிய வாயைத் தோலால் மட்டும் மீட்க முடியவில்லை. நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைக்கும் லென்ஸில் பார்த்தபோது விளிம்பு முழுக்க வெள்ளிக் கோடு போல மின்னியது. கூரான விளிம்பு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்காது. 8,000 கல்லில் (எண் ஏற ஏறக் கல் நைசாகும்) தண்ணீர் தெளித்து, கை எடைகூடப் படாமல் முப்பது இழுப்பு. அப்புறம் தீட்டும் துணிப்பட்டையில் இருபது, தோலில் ஐம்பது. கோடு மறைந்தது. கூர் பார்க்க, முன்கை மயிரில் சருமத்தைத் தொடாமல் ஓட்டினேன், டிக் டிக்கென்று விழுந்தது. அதன் பலன்தான் நேற்றைய சவரம்.

புதுத் தோல் வாங்க வேண்டும். இணையத்தில் வாங்கிய முதல் தோல் குரோம் போட்டுப் பதனிட்டது என்று நினைக்கிறேன், ரப்பர் மாதிரி இருக்கிறது. கடையின் பெயர் வேண்டாம். சென்னை போகும்போது பெரியமேட்டில் ஏறி இறங்கி, கடுக்காய் மாதிரி மரச்சரக்கு போட்டுப் பதனிட்ட தோலை மூன்று அங்குல அகலத்துக்கு வெட்டி வாங்குவதாகத் திட்டம். இரண்டு அங்குலத் தோலில் குறுக்காக இழுக்க வேண்டியிருக்கிறது, அதற்கு எனக்கு இன்னும் பொறுமை வரவில்லை. கத்தியைத் துடைத்து வைக்கத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், கொஞ்ச நாளில் பிசுபிசுத்துப் போகிறது. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

இதற்கிடையில் பழைய சாமான் கடையில் 5/8 அங்குல அகலத்தில் ஒரு சவரக் கத்தி சிக்கியிருக்கிறது. கழுத்தில், கத்திக்குப் பேர்போன ஜெர்மன் ஊரான சோலிங்கனின் முத்திரை. அந்தப் பெயரை ஜெர்மனியில் 1938 முதலே சட்டம் போட்டுக் காக்கிறார்கள் என்றாலும் நம் ஊர்ப் பழைய சாமான் கடைக்கு அந்தச் சட்டம் வருமா தெரியாது. துரு வாய்வரை வந்திருக்கிறது, பிடியில் ஒரு பக்கம் விரிசல். மீசை ஓரமே இன்னும் சரியாக வராதவனுக்கு இது எதற்கு என்றால் பதில் இல்லை. கூடவே 12,000 கல் ஒன்றுக்கும் ஆர்டர் போட்டாயிற்று. சமையல் கத்திகளுக்காக என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். நம்பிவிட்டார்கள். காய் நறுக்கும் கத்தி நாலும் அரிவாள்மனையும் இப்போது என் மேசை மேல் வரிசையாகக் காத்திருக்கின்றன.