விலாசம் கேட்காத அறை

செட்டிநாட்டு நகரத்தாரான எங்கள் பக்கத்தில் ஒருவரைப் புதிதாகச் சந்தித்தால் "எந்த ஊர், எந்தக் கோயில், யார் வீடு?" என்ற மூன்று கேள்விகள்தான் முதலில் வரும். எங்கள் சமூகத்தின் ஒன்பது நகரக் கோயில்களில் நமக்குரியதையும், வீட்டு விலாசம் எனப்படும் குடும்ப அடையாளப் பெயரையும் சொன்னால் போதும். ஐயா (தாத்தா) பர்மாவில் எந்த ஊரில் கடை வைத்திருந்தார் என்பது வரை எதிரில் இருப்பவர் சொல்லிவிடுவார். அந்த விலாசத்துக்குக் களங்கம் வந்துவிடக் கூடாது என்று அஞ்சியே, குடியை விட எவரிடமும் உதவி கேட்காமல் பல ஆண்டுகளைக் கடத்தினேன்.

நான் குடிநோயாளி அல்லன் என்பதற்கு ஓர் ஆதாரமும் வைத்திருந்தேன். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்து போகிறவன் நான். மாலை போட்ட நாள் முதல் மலையேறி இறங்கும்வரை ஒரு சொட்டும் தொட்டதில்லை. நினைத்தால் நிறுத்த முடிகிறதே என்று மனைவியிடம் வாதாடுவேன். நாற்பது வயதைக் கடந்தபின் அதுவும் முடியாமல் போய், வேலையைக் காரணம் காட்டி மாலை போடுவதையே நிறுத்திவிட்டேன்.

அந்த ஆண்டு பிள்ளையார் நோன்பன்று, 21 நூலிழைகளைத் திரித்த திரியை மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு உட்கொள்ள அப்பச்சி (என் அப்பா) என்னிடம் நீட்டியபோது, கை நடுங்கி அது தரையில் விழுந்தது. அப்பச்சி ஒரு சொல்லும் சொல்லவில்லை. குனிந்து சுடரை அணைத்துவிட்டு, இன்னோர் இழையை ஏற்றி, என் மணிக்கட்டைத் தம் இடக்கையால் பற்றிக்கொண்டு கொடுத்தார். எண்பது வயதுக் கை அது, அசையவே இல்லை.

அன்றிரவே நிறுத்தினேன். மூன்றாம் நாள், பட்டாலை என்னும் கூடத்தின் சுவரில் எறும்பு ஊர்கிறது என்று சொல்லி வெறும் சுவரைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தேனாம். எனக்கு அது நினைவில்லை. நெடுங்காலம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம் என்பதையும், அதன்பின் மனக்குழப்பமும் மாயக் காட்சிகளும் தோன்றி உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதையும், மருந்தும் தயமின் எனப்படும் வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்து மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும் என்பதையும் மருத்துவமனையில்தான் தெரிந்துகொண்டோம். ஆளை அறையில் பூட்டிவைத்துத் திருத்திவிடலாம் என்று நினைக்கும் குடும்பங்கள் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர், மருந்துச் சீட்டின் பின்புறம் குடியிலிருந்து மீள விரும்புவோர் கூடிப் பேசும் அமைப்பு ஒன்றின் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தார். மூன்று வாரம் அது பணப்பையிலேயே இருந்தது. ஒருவழியாக அழைத்தபோது எடுத்தவர் ஊரையும் கேட்கவில்லை, வீட்டையும் கேட்கவில்லை, "இன்று எப்படி இருக்கிறீர்கள்?" என்று மட்டுமே கேட்டார். காரைக்குடியில் தெரிந்த முகம் இருக்குமே, மதுரையில் கூட்டம் உண்டா என்றேன். "உண்டு. ஆனால் மனம் தடுமாறும் மாலையில் மதுரைக்குப் பஸ் ஏற முடியுமா?" என்றார்.

காரைக்குடிக் கூட்டத்துக்கே போனேன். பன்னிரண்டு பேர் இருந்தார்கள். நான் அஞ்சியபடியே ஒரு தெரிந்த முகமும் இருந்தது. அவர் யார் என்பதை எழுத மாட்டேன். அங்கே காண்பதையும் கேட்பதையும் அங்கேயே விட்டுவர வேண்டும் என்பது எங்களுக்குள் உள்ள ஒப்பந்தம். அவர் எழுந்து, விலாசமில்லாமல் தம் பெயரை மட்டும் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்றார். ஊரே எழுந்து நின்று வணக்கம் சொல்லும் மனிதர் அதை உரக்கச் சொல்லிவிட்டு அமைதியாக உட்கார்ந்ததைக் கண்டபோதுதான், என் நெஞ்சில் இறுகியிருந்தது இளகியது. அன்று நான் பேசவில்லை. பேசும்படி எவரும் வற்புறுத்தவுமில்லை.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற இந்த அமைப்பு 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கியது. கடல் கடந்து கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்ய, போனவர்களின் வழிவந்த எனக்கு அந்தக் கதை மிக நெருக்கமாகப் பட்டது: தொழில் கைகூடாமல் வெளியூர் விடுதியில் நின்ற பில் என்பவர், மதுக்கூடத்துக்குள் போவதற்கு மாறாகத் தொலைபேசியை எடுத்து, தம்மைப்போலவே குடியோடு போராடும் ஒருவரைத் தேடினார், அப்படிக் கிடைத்தவர்தான் பாப் என்ற அறுவை மருத்துவர். சேருவதற்கு, குடியை விடவேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. கட்டணம் கிடையாது, உறுப்பினர்கள் தாமாகப் போடும் காசுதான் வாடகைக்கும் தேநீருக்கும். வெளியார் நன்கொடையை ஏற்பதில்லை. மின்விசிறி இறக்கையில்கூட உபயதாரர் பெயரை எழுதும் ஊரில், அந்த அறையில் ஒரு பெயரும் எழுதப்படவில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

குடும்பத்தாருக்கென அல்-அனான் என்ற தனிக் குழுக்கள் உண்டு. என் மனைவி மாதம் ஒருமுறை மதுரைக்குப் போய் வருகிறாள். அங்கே என்ன பேசினாள் என்று நான் கேட்பதில்லை. எண் எழுதித் தர மருத்துவர் வாய்க்காதவர்கள், போதை மீட்புக்கான 14446 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.

இப்போது நாற்காலி போடுவதும் தேநீர் ஊற்றுவதும் என் பொறுப்பு. சென்ற வாரம் ஓர் இளைஞர் வாசல்வரை வந்து, என்னைப் பார்த்ததும் முகம் வெளிறித் திரும்பினார், எங்கள் தெருக்காரர். நான் பின்னால் போய், பெயர் சொல்லிக்கூட அழைக்காமல், "தேநீர் சூடாக இருக்கிறது, வாருங்கள்" என்றேன். சற்று நேரம் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தவர், பிறகு அதைக் கழற்றினார்.