ஐம்பது நிமிட மெமரி டெஸ்ட்டை விரட்டிய கதை

லினக்ஸின் மையமான கெர்னலில் மெமரியைக் கையாளும் பகுதியைக் கிண்டிப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. ஒரு வரி மாற்றுவேன், கம்பைல் செய்வேன், கணினிக்குள் ஒரு போலிக் கணினியை ஓட்டும் க்யூஎமுவுக்குள் பூட் பண்ணி, நானே எழுதி வைத்திருக்கும் டெஸ்ட்டுகளை ஓட விடுவேன். மாற்றிய கோப்பு மட்டும் கம்பைல் ஆக இரண்டு மூன்று நிமிடம். டெஸ்ட் முடிய ஐம்பது நிமிடம். ஓட விட்டுவிட்டுக் கடைக்குப் போய் மாவு வாங்கி வந்தாலும் பாதிதான் ஓடியிருக்கும். போகப் போக, "சின்ன மாற்றம்தானே, டெஸ்ட் எதுக்கு" என்று விட ஆரம்பித்தேன். அப்படி விட்ட ஒரு சின்ன மாற்றம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றது. சரி, முதலில் டெஸ்ட்டை வேகப்படுத்துவோம் என்று உட்கார்ந்தேன்.

முதல் கண்டுபிடிப்பு வெட்கக்கேடு. என் ஸ்கிரிப்ட்டில் க்யூஎமுவிடம் "கேவிஎம் இருந்தால் அது, இல்லாவிட்டால் டிசிஜி" என்று சொல்லி வைத்திருந்தேன். கேவிஎம் என்றால் விருந்தாளி கெர்னல் நிஜ ப்ராசஸரிலேயே நேராக ஓடும். டிசிஜி என்றால் ஒவ்வொரு கட்டளையையும் மென்பொருளே மொழிபெயர்த்து ஓட்டும். லேப்டாப்பின் பயாஸில், கேவிஎம்முக்குத் தேவையான வர்ச்சுவலைசேஷன் அணைந்து கிடந்திருக்கிறது. க்யூஎமுவும் ஒவ்வொரு தடவையும் அதைச் சொல்லித்தான் இருக்கிறது. நான்தான் அதன் புலம்பலையெல்லாம் லாக் கோப்புக்குத் திருப்பிவிட்டு, அந்தக் கோப்பைத் திறந்தே பார்க்கவில்லை. பயாஸில் ஆன் செய்தேன், ஐம்பது பதினைந்தானது. ஸ்கிரிப்ட்டில் இப்போது மாற்று வழியே கிடையாது: கேவிஎம் இல்லையென்றால் ஓடாதே.

மிச்சம் பதினைந்தில் பாதிக்கு மேல் ஒரே டெஸ்ட். எம்ரீமேப் டெஸ்ட்.

எம்ரீமேப் என்பது ஒரு ப்ராசஸின் மெமரித் துண்டை ஒரு முகவரியிலிருந்து இன்னொரு முகவரிக்கு நகர்த்தும்படி கெர்னலைக் கேட்கும் சிஸ்டம் கால். நகர்த்துவது என்றால் பைட்டுகளை அள்ளிக்கொண்டு போவதல்ல. எந்த முகவரி நிஜ மெமரியில் எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கும் பேஜ் டேபிளில் இருக்கும் பதிவுகளை இடம் மாற்றுவது. அடிமட்டத்தில் ஒரு பதிவு 4 கேபி பக்கம் ஒன்றைக் காட்டும். அதற்கு மேல்மட்டப் பதிவு ஒன்றை நகர்த்தினால் 2 எம்பி மொத்தமாக வந்துவிடும், அதற்கும் மேலே போனால் 1 ஜிபி. இரண்டு முகவரிகளும் 1 ஜிபி எல்லையில் சரியாக உட்கார்ந்திருந்தால் ஒரே பதிவை மாற்றி முழு 1 ஜிபியையும் நகர்த்தும் குறுக்குவழி கெர்னல் 5.11-இல் வந்தது. அதனால்தான் என் டெஸ்ட்டும் 1 ஜிபி எடுத்துக்கொள்கிறது.

அந்த 1 ஜிபியை நான் நிரப்பிய அழகைக் கேளுங்கள். ஒரு விதை கொடுத்து, ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு தடவை ரேண்ட், அதாவது சீரற்ற எண் தரும் ஃபங்ஷன். நகர்த்திய பிறகு அதே விதையோடு (அதே விதை என்றால் அதே எண்கள்தான் வரும்) மறுபடி ஒவ்வொரு பைட்டுக்கும் ரேண்ட், ஒப்பிட்டுப் பார். போக 107 கோடி, வர 107 கோடி. ஜிலிப்சி என்ற சி லைப்ரரியில் ரேண்ட் ஒவ்வொரு தடவையும் ஒரு பூட்டு வேறு போட்டு எடுக்கும். நேரம் எங்கே போகிறது என்று காட்டும் பெர்ஃப் போட்டுப் பார்த்தால் நேரமெல்லாம் ரேண்ட்டில். கெர்னல் தன் வேலையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்துவிட்டுச் சும்மா நின்றிருக்கிறது. கெர்னல் டெஸ்ட் என்ற பெயரில் இத்தனை நாள் ரேண்ட்டைத்தான் டெஸ்ட் செய்திருக்கிறேன்.

சோம்பேறி வழிதான் முதலில் தோன்றியது: 1 ஜிபியை 64 எம்பி ஆக்கினேன். பறந்தது. எல்லாம் பச்சை. ஏதோ உறுத்தவே, கெர்னலில் வேண்டுமென்றே ஒரு பிழையை நட்டேன். 1 ஜிபி குறுக்குவழிக்குள் நுழைந்தால் எதையும் நகர்த்தாமல் "நகர்த்தியாச்சு" என்று பொய் சொல்லும்படி ஒரு வரி. டெஸ்ட் ஓட்டினேன். மறுபடி எல்லாம் பச்சை. 64 எம்பிக்கு அந்தப் பாதை திறக்கவே திறக்காதே! திரும்ப 1 ஜிபி.

அளவைக் குறைக்கக் கூடாது, நிரப்புவதை மட்டும் வேகப்படுத்தலாம் என்று அடுத்து மெம்செட். முழுக்க ஒரே பைட், ஒரே வீச்சு. நட்ட பிழை உடனே பிடிபட்டது, ஏனென்றால் புது இடத்தில் வெறும் பூஜ்யம்தான் இருந்தது. சந்தோஷத்தில் இரண்டாவது பிழையையும் நட்டேன்: அடிமட்டத்தில் அடுத்தடுத்த இரண்டு பக்கங்களின் பதிவுகள் ஒன்றன் இடத்தில் ஒன்று போய் உட்காரும்படி. பச்சை. எல்லாப் பக்கமும் ஒரே முகமாக இருந்தால் ஆள் மாறியது யாருக்குத் தெரியும்?

அதன் பிறகுதான் கொஞ்சம் யோசித்தேன் (முதலிலேயே யோசித்திருக்கலாம்). கெர்னல் இங்கே தொடுவது பதிவுகளை மட்டும். எது தப்பினாலும் ஒரு முழுப் பக்கம்தான் தப்பும்; பக்கத்துக்குள் நடுவில் ஒரு பைட் மட்டும் கெட இந்தப் பாதையில் வழியில்லை. அப்படியானால் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அந்தப் பக்கத்தின் எண்ணை எழுதினால் போதும். 1 ஜிபிக்கு 2,62,144 பக்கம், அத்தனை எழுத்து, அத்தனை ஒப்பீடு. நகர்ந்து போய் விழும் இடத்துக்கு முன்னால் ஒரு பக்கத்தில் வேறு அடையாளம் வைத்து, அது மிதிபடவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டேன். ஹியூஜ் பேஜ் (2 எம்பி பெரிய பக்கம்) தானாக உள்ளே வந்து 4 கேபி பாதையை மறைத்துவிடாமல் இருக்க, மேட்வைஸ் சிஸ்டம் காலில் அதை அந்தப் பகுதிக்கு மட்டும் அணைத்தேன். இரண்டு பிழையும் பிடிபட்டன. ஏழெட்டு நிமிடம் ஓடியது சில செகண்டில் முடிந்தது.

இதில் ஒரு நகைச்சுவை. எல்லாம் முடிந்த பிறகு கெர்னலோடு வரும் செல்ஃப்டெஸ்ட்டுகளைத் திறந்து பார்த்தால், அங்கேயும் எம்ரீமேப் டெஸ்ட் பைட் பைட்டாக ரேண்ட் போட்டுக்கொண்டிருந்ததாம். 2024-இல் அதைத் துண்டு துண்டாக மெம்சிஎம்பியில் ஒப்பிடும்படி மாற்றி, நிமிடங்களில் ஓடியதைச் செகண்டுகளுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். முதலிலேயே அங்கே எட்டிப் பார்த்திருந்தால் ஒரு வார இறுதி மிச்சம்.

அடுத்த ரகம் மந்தம் வேறு மாதிரி: வேலையே செய்யாமல் காத்துக் கிடப்பது. சிறு பக்கங்களைச் சேர்த்து 2 எம்பி ஹியூஜ் பேஜாக மாற்றும் கேஹியூஜ்பேஜ்டி, இயல்பு அமைப்பில் 10 செகண்டுக்கு ஒரு முறை எழுந்து 4096 பக்கம் பார்த்துவிட்டுத் தூங்கப் போகும். 4096 பக்கம் என்றால் 16 எம்பி. என் டெஸ்ட் 512 எம்பி வைத்துக்கொண்டு நின்றது. கணக்குப் போட்டால் 32 சுற்று, 320 செகண்ட். அத்தனையும் தூக்கம். தூங்கும் நேரத்தை 10 மில்லிசெகண்ட் ஆக்கியதும் தீர்ந்தது.

ஒரே மாதிரிப் பக்கங்களைத் தேடி இணைக்கும் கேஎஸ்எம்மும் அப்படித்தான்: 100 பக்கம் பார்த்துவிட்டு 20 மில்லிசெகண்ட் ஓய்வு. அதற்கு நான் போட்டிருந்த மருந்து, டெஸ்ட்டில் "60 செகண்ட் தூங்கு". ஏன் 60? ஒரு நாள் 30 போதாமல் போனதால் 60. கேஎஸ்எம் முழுச் சுற்று எத்தனை முடித்தது என்று கெர்னலே எண்ணிக் காட்டுகிறது. மாறாமல் இருக்கும் பக்கத்தைத்தான் அது இணைக்கும் என்பதால் ஒரு சுற்று போதாது. எண்ணிக்கை மூன்று ஏறும்வரை பார்த்துக்கொண்டிருக்கும்படி மாற்றினேன். டெஸ்ட் முடிந்ததும் பழைய அமைப்பைத் திரும்ப வைக்க மறந்து, அடுத்த டெஸ்ட் சம்பந்தமில்லாமல் விழுந்தது தனிக் கதை.

எல்லா டெஸ்ட்டையும் ஒரே நேரத்தில் ஓட விட்டும் பார்த்தேன். கேஎஸ்எம் எண்ணிக்கையெல்லாம் மொத்த இயந்திரத்துக்கும் ஒன்றே, ஒரு டெஸ்ட் செய்வது இன்னொன்றின் கணக்கில் ஏறுகிறது. இரண்டு க்யூஎமு தனித்தனியாகத் திறந்து பாதிப் பாதி பிரித்தேன். 8 ஜிபி லேப்டாப் அதற்கு மேல் தாங்காது.

கேசான் மட்டும் கொஞ்சம் இழுத்தது. மெமரிப் பிழைகளைக் கண்டுபிடிக்க அது கெர்னலின் ஒவ்வொரு அணுகலையும் சரிபார்க்கும். நிழல் கணக்குக்காக மெமரியில் எட்டில் ஒரு பங்கையும் பிடித்துக்கொள்ளும். 1.5 ஜிபி கொடுத்த க்யூஎமுவில் 1 ஜிபி டெஸ்ட்டை ஓஓஎம் (மெமரி தீர்ந்தால் ப்ராசஸைக் கொல்லும் கெர்னல் பகுதி) கொன்றுவிட்டது. 2 ஜிபி கொடுத்தேன், நின்றது. ஆனாலும் மெதுவுதான். ஆகவே கேசான் இல்லாத கெர்னல் ஒவ்வொரு மாற்றத்துக்கும், கேசான் கெர்னல் ராத்திரி படுக்கப் போகும் முன்.

இப்போது மொத்தம் நாலு நிமிடத்துக்குள் முடிகிறது, அதில் பெரும் பங்கு, ப்ராசஸைப் பிரதியெடுக்கும் ஃபோர்க்கின் டெஸ்ட். அதை இன்னும் தொடவில்லை. நட்ட பிழைகளைத் தனித்தனி பேட்ச்சாக எடுத்து வைத்திருக்கிறேன். டெஸ்ட்டில் கை வைக்கும்போதெல்லாம் கெர்னலில் அவற்றைப் போட்டு, சிவப்பு வருகிறதா என்று பார்த்துக்கொள்வேன். போன வாரம் கெர்னலைப் புதிதாக இழுத்தேன். எம்ரீமேப் கோப்பையே பெரிய அளவில் திருத்தி எழுதியிருக்கிறார்கள். இரண்டு பேட்ச்சும் உட்கார மாட்டேன் என்கின்றன, இந்த ஞாயிறு பிழைகளைப் புதிதாக நட வேண்டும்.