நிலத்தடி எரிபொருள் தொட்டிகளை மாற்றிய அனுபவம்

எங்கள் அரசு வளாகத்தில் ஜெனரேட்டர்களுக்கான டீசலும் வாகனங்களுக்கான பெட்ரோலும் ஒற்றைச் சுவர் கொண்ட இரும்புத் தொட்டிகளில் மண்ணுக்கடியில் சேமிக்கப்பட்டு வந்தன. அவற்றை மாற்றும் பணியை ஒருங்கிணைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, கோப்பில் கசிவு என்ற சொல்லே இல்லை. இருப்பில் வேறுபாடு என்றுதான் ஒவ்வொரு குறிப்பிலும் எழுதப்பட்டிருந்தது. அளவுகோலின் நுனியில் நீர் காட்டும் பசையைத் தடவிப் பெட்ரோல் தொட்டிக்குள் இறக்கினோம். வெளியே எடுத்தபோது அடிப்பகுதியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பசை நிறம் மாறியிருந்தது. மழைக்குப் பிறகு அந்த அளவு கூடுவதையும் பதிவு செய்து, நிலத்தடி நீர் உள்ளே வரும் துளை வழியாக எரிபொருள் வெளியே போகவும் முடியும் என்று எழுதிய பிறகே கோப்பு நகர்ந்தது.

மதிப்பீடு தயாரிப்பதில்தான் உண்மையான இழுபறி இருந்தது. தொட்டி, குழாய், பம்பு ஆகியவற்றின் விலையை முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். பழைய தொட்டிக்குக் கீழே எவ்வளவு மண் கெட்டிருக்கிறது என்பதைத் தோண்டாமல் யாராலும் சொல்ல முடியாது. ஆகவே, எண்ணெய் கலந்த மண்ணை அகற்றுவதை மொத்தத் தொகைக்குள் அடக்காமல், டன் ஒன்றுக்கு இவ்வளவு என்று தனி இனமாக வைத்து, எடைமேடைச் சீட்டின்படி பணம் வழங்கலாம் என்று எழுதினேன். அளவு தெரியாத வேலைக்கு எப்படி ஒப்புதல் தருவது என்று கணக்குப் பிரிவு கேட்டது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் மொத்தத் தொகைக்கு விட்டால், கெட்ட மண்ணைப் பார்த்தும் பார்க்காததுபோல் மூடிவிடுவதே ஒப்பந்ததாரருக்கு லாபம் என்ற பதில் இறுதியில் ஏற்கப்பட்டது.

ஜெனரேட்டர்களை நிறுத்த வழியில்லாததால், தரைமேல் ஒரு தற்காலிகத் தொட்டி வைத்து, அதன் கொள்ளளவில் 110 சதவீதத்தைத் தாங்கும் தடுப்புச் சுவரை முதலில் கட்டினோம்.

எரிபொருளை இறைத்து முடித்ததும் ஆபத்து நீங்கிவிட்டதாகப் பலரும் நினைக்கிறார்கள். நிறைந்த தொட்டியைவிடக் காலித் தொட்டியே அஞ்சத்தக்கது. காற்றில் பெட்ரோல் ஆவி ஏறத்தாழ 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம் வரை இருந்தால் ஒரு பொறி போதும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் குழியின் அடியிலும் போய்த் தங்கும். உள்ளே உலர் பனிக்கட்டியைப் போட்டு, அதிலிருந்து எழும் கார்பன் டை ஆக்சைடு ஆக்சிஜனை வெளியேற்றியதை, மேல், நடு, அடி என மூன்று மட்டங்களிலும் மானியை இறக்கிச் சரிபார்த்த பின்னரே கிரேனை அருகில் விட்டோம். அந்த வாயுவும் மூச்சை நிறுத்தக்கூடியது என்பதால் தொட்டிக்குள் எவரையும் தலை நீட்டவே விடவில்லை.

மேலே வந்த பெட்ரோல் தொட்டியைப் புரட்டிப் பார்த்தபோது, பெரிய துளை அளவுகோல் இறங்கும் குழாய்க்கு நேர் கீழே இருந்தது. காலங்காலமாக அதே இடத்தில் கோல் மோதி மோதி இரும்பு தேய்ந்து, வெளியிலிருந்து துருவும் ஏறியிருந்தது. இருப்பை அளந்ததே இருப்பு குறையக் காரணமாகியிருந்தது! புதிய தொட்டிகளில் அந்த இடத்தில் தடித்த தகடு பொருத்தப்பட்டிருப்பதை நானே டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டேன். தொட்டியின் இரு முனைகளுக்குக் கீழும், குழாய் இணைப்புகளுக்கு அடியிலும் மண் மாதிரிகள் எடுத்தோம். தொட்டியைவிட இணைப்புகளின் கீழ்தான் மண் அதிகம் கெட்டிருந்தது. தனி இனமாக வைத்திராவிட்டால் திருத்த மதிப்பீட்டுக்குக் குழியைத் திறந்து வைத்துக் காத்திருந்திருப்போம்.

புதியவை இரட்டைச் சுவர் கொண்ட கண்ணாடியிழைத் தொட்டிகள். இரு சுவர்களுக்கும் இடையில் உள்ள உணரி, எந்தச் சுவர் கசிந்தாலும் ஒலி எழுப்பும். இறக்குவதற்கு முன்பும் பின்பும் சோதித்தோம். நீர்மட்டம் உயரமாக இருந்ததால் மிதப்புதான் பெரிய கவலை. 20,000 லிட்டர் தொட்டி முழுவதும் நீரில் மூழ்கினால் மேல்நோக்கிய விசை சுமார் 20 டன், தொட்டியின் சொந்த எடையோ அதற்கு அருகில்கூட வராது. கான்கிரீட் நங்கூரங்களில் பட்டைகளை இழுத்துக் கட்டி, சிறு கூழாங்கற்களை அடுக்கடுக்காகக் கொட்டி, தொட்டியின் அடிவளைவுக்குக் கீழ் கம்பால் குத்தி நிரப்பினோம். நிரப்புவதற்கு முன்னும் பின்னும் உள்விட்டத்தை அளந்து, தொட்டி நசுங்கவில்லை என்பதை உறுதிசெய்தோம்.

பழைய தொட்டிகளைப் பொருட்பதிவேட்டிலிருந்து நீக்குவது தனிக் கதை. ஏலம் விட வேண்டும் என்றது ஒரு விதி. சுத்தம் செய்து வெட்டிச் சிதைத்த பிறகே வெளியே அனுப்ப வேண்டும் என்றது பாதுகாப்பு நிபந்தனை. வெட்டிய துண்டுகளை எடை போட்டு ஏலம் விட்டு இரண்டையும் நிறைவேற்றினோம். குழியைச் சுற்றி அமைத்த கண்காணிப்புக் கிணறுகளில் நீர் மாதிரி எடுக்கும் வேலை மட்டும் இன்னும் தொடர்கிறது. அதற்கான தொகையையும் ஆண்டுப் பராமரிப்பு ஒதுக்கீட்டில் சேர்த்திருக்கிறோம்.