இறுகிப்போன கிராங்க்: ஒரு மாருதி 800 நாட்குறிப்பு

ஜூன் 8, 2024, சனி. கோவை

மூன்று மாதமாகக் காத்திருந்த நாள். அப்பா 1996-ல் வாங்கிய மாருதி 800-க்கு ஓவர்சைஸ் பிஸ்டன், கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றிவிடும் தண்டு) கிரைண்டிங், அதைத் தாங்கும் புது மெயின் பேரிங் என்று என்ஜினுக்கு முழு வேலை. கீழ்ப்பாதியை லேத் பட்டறையிலேயே பூட்டிக் கொடுத்துவிட்டார்கள். மேல்பாதியான ஹெட்டை மாட்டி, வண்டியில் இறக்கியது நான். சாயங்காலம் ஆறு மணிக்குச் சாவியைத் திருகினேன். ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம். ஹெட்லைட் மங்கியது. அவ்வளவுதான்.

அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை.

பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தது. சாவியைப் பிடித்திருக்கும்போது 8.4-க்கு இறங்கியது. எர்த் ஒயர் பிடிக்கும் இடத்தில் புது பெயிண்ட் இருந்ததைச் சுரண்டி, பளபளவென்று ஆக்கி மறுபடியும் பூட்டினேன். பக்கத்து வீட்டு வண்டியிலிருந்து ஜம்பர் ஒயர் போட்டும் பார்த்தாயிற்று. அதே ‘டக்’.

ஜூன் 9, ஞாயிறு

பக்கத்து வீட்டு மாமா வந்தார். அரசு பஸ் டிப்போவில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நேற்றைய வோல்ட் கணக்கைச் சொன்னதும், “பேட்டரியை விட்டுத் தள்ளுங்க தம்பி, உள்ளே ஏதோ புடிச்சிருக்கு” என்றார். ஒயரில் கோளாறு என்றால் செல்ஃபுக்கு (ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு) கரண்டே சரியாகப் போகாது, பேட்டரி வோல்ட்டும் இவ்வளவு இறங்காது. இப்படிச் சரிகிறது என்றால் செல்ஃப் முழு பலத்தோடு இழுக்கிறது, ஆனால் சுற்ற முடியவில்லை. செல்ஃப் உள்ளே ஷார்ட் ஆகியிருந்தாலும் இப்படி ஆகலாம். அதனால் அதைக் கழற்றித் தரையில் வைத்து ஓட்டினோம். சும்மா பறந்தது.

நியூட்ரலில் போட்டு மூன்று பிளக்கையும் கழற்றினேன். சிலிண்டருக்குள் தண்ணீரோ பெட்ரோலோ நின்றிருந்தால் பிஸ்டன் மேலே ஏறாது. டார்ச் அடித்துப் பார்த்தோம், சுத்தமாக இருந்தது. கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பானர் போட்டு இழுத்தேன். பிளக் இல்லாத மூன்று சிலிண்டர் என்ஜின், ரிங் எவ்வளவு புதிதாக இருந்தாலும் கைக்கு அசைய வேண்டும். அசையவில்லை.

ஃபேன் பெல்ட்டைக் கழற்றினோம், அதே கதை. டைமிங் பெல்ட்டையும் எடுத்தோம். கேம் (ஹெட்டில் வால்வுகளைத் திறக்கும் தண்டு) தனியாகச் சுற்றியது, கிராங்க் சுற்றவில்லை. ஆக, தொல்லை ஹெட்டில் இல்லை, கீழே.

ஜூன் 11, செவ்வாய்

பட்டறைக்குப் போன் செய்தேன். “புது என்ஜின் டைட்டாத்தாங்க இருக்கும். கயிறு கட்டி இழுத்து கிளட்சை விடுங்க, இளகிடும்” என்றார்கள். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. ரிங் இறுக்கம் வேறு, பேரிங் இறுக்கம் வேறு. ஆயில் படலம் நிற்க இடமில்லாத பேரிங்கை இழுத்துச் சுற்றவைத்தால் ஷெல் (பேரிங்கின் அரைவட்டத் தகடு) உரசி, புதிதாக கிரைண்ட் செய்த கிராங்கும் கீறிப்போகும். மாமாவிடம் சொன்னேன். “அதை மட்டும் செஞ்சுடாதீங்க” என்றார் அவரும்.

வேறு வேலை நடக்கவில்லை. சாரல்.

ஜூன் 15, சனி

காலை ஏழு மணிக்கே ஆயிலை வடித்து, சம்ப்பை (என்ஜின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டியை) இறக்கினோம். மாமா சொன்ன முறை இதுதான்: ஒவ்வொரு கேப்பாக (பேரிங்கைக் கீழிருந்து மூடிப் பிடிக்கும் பாதி வளையம்) லேசாகத் தளர்த்து, கிராங்கை அசைத்துப் பார், மறுபடி இறுக்கு, அடுத்ததற்குப் போ. எது பிடித்திருக்கிறதோ அது தானே காட்டிக்கொடுக்கும்.

கனெக்டிங் ராட் மூன்றிலும் மாற்றமில்லை. மெயின் ஒன்று, இரண்டு, ஒன்றும் இல்லை. மூன்றாவது மெயின் கேப்பில் ஒரு போல்ட்டை அரைச் சுற்று விட்டேன். மாமா ஸ்பானரைப் பிடித்திருந்தார். ஒரு சின்ன முனகலோடு கிராங்க் நகர்ந்தது. இரண்டு பேரும் பேசவில்லை. அவர் இன்னும் கொஞ்சம் இழுத்தார், முழுசாக ஒரு சுற்று வந்தது.

அப்புறம்தான் டார்ச்சைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன். இந்த என்ஜினில் மெயின் கேப் ஒவ்வொன்றிலும் ஒரு எண், ஒரு அம்புக்குறி. எல்லா அம்பும் கிராங்க் புல்லிப் பக்கம் பார்க்க வேண்டும். மூன்றாவது மட்டும் எதிர்ப்பக்கம், ஃப்ளைவீலைப் பார்த்துக்கொண்டிருந்தது. திருப்பி மாட்டியிருக்கிறார்கள்.

பார்வைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் கேப்பை பிளாக்கோடு பூட்டி வைத்துத்தான் அந்தத் துளையைக் கடைகிறார்கள். அதனால் ஒரு கேப்புக்கு ஒரே இடம், ஒரே திசை. திருப்பினால் இரண்டு பாதியும் மயிரிழை தள்ளி உட்காரும். பேரிங்குக்குள் ஆயிலுக்கு விட்டிருக்கும் இடைவெளியே 0.02 முதல் 0.04 மில்லிமீட்டர்தான். மயிரிழை தள்ளினால் மிச்சம் என்ன இருக்கும்?

கேப்பை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன். ஷெல்லின் ஒரு ஓரத்தில் மட்டும் நகக்கண் அகலத்துக்குக் கண்ணாடி மாதிரி மின்னியது. மற்ற இடமெல்லாம் புதுசின் சாம்பல் நிறம். நல்லவேளை, கிராங்க் ஜர்னலில் (பேரிங்குக்குள் சுற்றும் பகுதியில்) நகம் வைத்து இழுத்தால் தட்டவில்லை. கீறல் இல்லை.

என் தப்பும் இதில் இருக்கிறது. பட்டறையிலிருந்து வாங்கும்போதே கிராங்கை ஒருமுறை கையால் சுற்றிப் பார்த்திருந்தால் ஒரு வாரம் மிச்சம்.

ஜூன் 16, ஞாயிறு

நேற்று மாலையே ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய் அதே அண்டர்சைஸில் (கிரைண்ட் செய்து மெலிந்த கிராங்குக்கு ஏற்ற அளவில்) ஷெல் வாங்கிவந்தேன். டப்பாவை நம்பாமல், ஷெல்லின் முதுகில் அடித்திருக்கும் அளவைப் படித்துப் பார்த்தே வாங்கினேன். துடைத்து, ஆயில் தடவி, அம்பைப் புல்லிப் பக்கம் பார்க்கவைத்துப் பூட்டினேன். டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) படிப்படியாக, 4.3-லிருந்து 4.8 கிலோகிராம்-மீட்டர் (kg-m) இறுக்கத்துக்குள். மற்ற மூன்று கேப்பையும் கழற்றிப் பார்த்தே மாட்டினேன். ஒவ்வொரு கேப் இறுக்கியதும் ஒரு சுற்று. நாலாவது இறுக்கிய பிறகும் ஸ்பானர் ஒரு கையில் வந்தது.

மதியத்துக்குள் சம்ப், பெல்ட், டைமிங் குறி எல்லாம் முடித்தேன். பிளக் போடாமல் செல்ஃபை விட்டு விட்டு அடித்தேன், ஆயில் விளக்கு அணையும்வரை. அந்தச் சிவப்பு அணைந்தபோது மாமா தோளில் தட்டினார். பிளக் மாட்டி, சோக் இழுத்து, சாவியைத் திருகினேன். மூன்றாவது முறையில் பிடித்தது. கொஞ்சம் புகை, கொஞ்சம் இருமல், அப்புறம் அந்தப் பழைய மூன்று சிலிண்டர் தாளம்.

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து பானெட்டில் கை வைத்தார். “பழனிக்குப் போலாமா?” என்றார். முதல் 500 கிலோமீட்டருக்கு ஆக்சிலேட்டரை மிதிக்கக் கூடாது, மெதுவாகத்தான் போகணும்ப்பா என்றேன். “மெதுவாவே போலாம்.”

சம்ப் ஓரத்தில் ஒரு சொட்டு ஆயில் கசிகிறது. நாளைக்கு வண்டி ஆறியதும் அந்த போல்ட்டுகளை ஒரு சுற்று பார்க்க வேண்டும்.